வெண்டைக்காய் அச்சும் சிவகாசி அச்சும்

பொங்கல் வாழ்த்து அட்டை எப்படிப் போனது என்று யாரைக் கேட்டாலும், "செல்போன் வந்துச்சு, அதோட போச்சு" என்பார்கள். பாதி உண்மைதான். எஸ்.எம்.எஸ். வந்து ஒழித்தது கடையில் வாங்கும் அட்டையை. பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து கையால் செய்த அட்டையை, அதற்கு வெகு நாள் முன்பே அந்தக் கடை அட்டை ஓரங்கட்டியிருந்தது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

வாழ்த்து அட்டை தபாலுக்குப் பிறந்த பிள்ளை. இங்கிலாந்தில் 1840-ல் ஒரு பென்னி இருந்தால் நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் போகும் என்று ஆனது. 1843-ல் ஹென்றி கோல் என்பவர், ஹார்ஸ்லி என்ற ஓவியரை வரையச் சொல்லி முதல் கிறிஸ்துமஸ் அட்டையை அச்சடித்து விற்றார். விலை ஒரு ஷில்லிங். பிரிட்டிஷ் இந்தியாவில் அஞ்சலட்டை 1879-ல் காலணாவுக்கு வந்தது. எங்கள் புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர் கையில், தபால்தலையே வேறு. பிரெஞ்சுக்காரர்களுக்குக் கிறிஸ்துமஸைவிடப் புத்தாண்டு வாழ்த்துதான் முக்கியம், அதையும் ஜனவரி முழுக்க அனுப்பலாம். யோசித்துப் பார்த்தால் நம்ம பொங்கலும் அந்தக் கெடுவுக்குள்தான் வருகிறது!

பொங்கலுக்கு அட்டை அனுப்புவது தமிழகத்தில் பெரிய இயக்கமாகவே ஆனதற்கு அரசியலும் ஒரு காரணம். தீபாவளியை எதிர்த்த திராவிட இயக்கம் பொங்கலைத் தமிழர் திருநாள் என்று கொண்டாடியது. உதயசூரியன், உழவன், குறள், அண்ணா படம் எல்லாம் அட்டையில் ஏறின. சாமி படமும் எம்.ஜி.ஆர்., சிவாஜி படமும் அதே கடையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. தீப்பெட்டி லேபிள் அச்சடித்துப் பழகிய சிவகாசிதான் காலண்டரையும் இந்த அட்டைகளையும் ஊர் ஊராக அனுப்பியது. கவரை ஒட்டாமல் மடித்துச் செருகி, 'புக் போஸ்ட்' என்று எழுதினால் அப்போது தபால் செலவும் குறைவாக இருந்தது.

அந்த மலிவில் ஒரு சிக்கல் இருந்தது. புக் போஸ்ட் என்பது அச்சடித்த தாளுக்கான சலுகையாக இருந்தது. உள்ளே சொந்தக் கதை எழுதினால் அது கடிதம், கடிதத்துக்கான தபால்தலை ஒட்ட வேண்டியிருந்தது. அதனால் அச்சடித்த நாலு வரிக்குக் கீழே கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பினோம். "மாமா, நம்ம பசு கன்னு போட்டிருக்கு" என்று எழுத இடமிருந்தது கையால் செய்த அட்டையில்தான்.

அதைச் செய்ய என்ன வேண்டும்? பழைய கல்யாணப் பத்திரிகையின் வெறும் பக்கம், இல்லாவிட்டால் நோட்டு அட்டை. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிச் சாயத்தில் தொட்டு அழுத்தினால் பூ. நூலை மையில் நனைத்து, மடித்த தாளுக்குள் வைத்து இழுத்தால் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது, அதுதான் அதில் வேடிக்கை. பாகூர் பக்கம் நெல் விளையும் பூமி, வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. வைக்கோலைக் கீறி ஒட்டினால் குடிசை, நெல்மணியை ஒட்டினால் பானைக்குக் கரை. காசு கொடுத்து வாங்குவது பசை மட்டும். சில வீட்டில் அதுவும் இல்லை, சோற்றுப் பருக்கைதான்.

உலக அளவில் ஒரு செய்தி சொல்ல வேண்டும். யுனிசெஃப் அட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். 1949-ல் வந்த அதன் முதல் அட்டை ஒரு குழந்தை வரைந்த படம்தான். செக்கோஸ்லோவாகியாவின் ஒரு கிராமத்துச் சிறுமி, ஏழு வயது யிட்கா சாம்கோவா வரைந்தது. போருக்குப் பிந்தைய தட்டுப்பாட்டில் பள்ளியில் தாள் இல்லாததால் கண்ணாடியில் வரைந்தாளாம். உதவிக்கு நன்றி சொல்ல வரைந்த படம் அது.

இப்போது பள்ளிகளில் 'கிராஃப்ட்' என்ற பெயரில் கை அட்டை திரும்ப வந்திருக்கிறது. மினுமினுப்புத் தூள், வண்ணச் சார்ட், எல்லாம் கடைச் சாமான். செய்து முடித்ததும் ஆசிரியர் மதிப்பெண் போடுகிறார், சுவரில் ஒட்டுகிறார்கள், போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். அட்டை யாருக்கும் போவதில்லை. எனக்கு இதுதான் உறுத்துகிறது. மணப்பட்டில் இருக்கும் என் அத்தை மகன் போன பொங்கலுக்கு அருமையாக ஒன்று செய்தான், கரும்பு மட்டும் தென்னை மாதிரி இருந்தது. தாத்தாவுக்கு அனுப்பலாமே என்றேன். "முகவரி எந்தப் பக்கம் எழுதறதுண்ணா?" என்று கேட்டான். ஐந்தாம் வகுப்பு.

சொல்லிக் கொடுத்தேன். பெயர், தெரு, ஊர், பின்கோடு. அனுப்புநர் இடத்தில் தன் பெயரை மூன்று முறை அடித்து அடித்து எழுதினான். புதுச்சேரி மாநிலம்தானே என்று தன் ஊருக்கு 605 என்று ஆரம்பித்தான். பாகூர் பக்கம் கடலூரைப் போல 607-ல் தொடங்கும் என்று அங்கேயே திருத்தினோம். நான்கு நாள் கழித்துத் தாத்தா போன் செய்தார். கரும்பு எது, தென்னை எது என்றுதான் முதலில் கேட்டாராம்.