சொல்லில் மறைந்த எண்: நடை, வேலை, வயதுக் கணக்குகளின் வரலாறு

முன்னுரை

பள்ளிக் கணிதத்தில் மாணவர் பெரிதும் அஞ்சும் பகுதி பிரச்சினைக் கணக்கே என்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர். கூட்டலையும் பெருக்கலையும் பிழையின்றிச் செய்யும் மாணவர், அதே எண்கள் நான்கு வரிகளுக்குள் பொதிந்து வரும்போது தடுமாறுகின்றனர். இரு வண்டிகள் எதிரெதிரே புறப்படுகின்றன. மூவர் சேர்ந்து ஒரு வேலையை முடிக்கின்றனர். தந்தையின் வயது மகனின் வயதைப்போல் மும்மடங்காக உள்ளது. இம்மூவகைக் கணக்குகளும் உலகின் பல நாடுகளிலும் பாடநூல்களில் இடம்பெறுகின்றன. தமிழ்நாட்டில் இவற்றை வாழ்க்கைக் கணக்குகள் என்பர். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் பிரச்சினைக் கணக்கு எனும் பெயரே வழங்குகிறது.

இக்கணக்குகளில் மொழிக்குரிய இடம் யாது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. மொழி வெறும் மேலுறை என்றும், அதனை நீக்கிச் சமன்பாட்டை வெளிக்கொணர்வதே கணிதம் என்றும் கருதுவோர் உளர். அக்கருத்து சரியாயின், இக்கணக்குகளை எம்மொழியில் கற்பித்தாலும் விளைவு ஒன்றேயாகும். ஆனால் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. இன்றைய குறியீட்டு முறை நிலைபெறுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இக்கணக்குகள் சொல்லால் அமைக்கப்பட்டுச் சொல்லாலேயே தீர்க்கப்பட்டன. அவ்வரலாற்றின் சில கட்டங்களை இந்திய மரபை முதன்மையாகக் கொண்டு ஈண்டுக் காண்போம்.

அறியாத எண்ணுக்கு இட்ட பெயர்கள்

கி.பி. 499ஐ ஒட்டி இயற்றப்பட்ட ஆரியபட்டீயத்தின் கணிதப் பகுதியில், அறியப்படாத பொருளுக்குக் 'குளிகா' என்னும் பெயர் வழங்குகிறது. இருவரிடம் குளிகைகளும் காசுகளும் வெவ்வேறு அளவில் உள்ளன. இருவரின் மொத்தச் செல்வமும் சமம். அவ்வாறாயின் காசுகளின் வேறுபாட்டைக் குளிகைகளின் வேறுபாட்டால் வகுத்தால் ஒரு குளிகையின் மதிப்புக் கிடைக்கும் என்பது ஆரியபட்டர் தரும் விதி. இன்று நாம் ஒருபடிச் சமன்பாடு என்பது அங்கு ஒரே செய்யுளுக்குள் அடங்கிவிடுகிறது.

பெசாவருக்கு அருகிலுள்ள பக்சாலி எனும் ஊரில் 1881இல் கண்டெடுக்கப்பட்ட பூர்ச்சமரப் பட்டைச் சுவடியில், அறியாத எண்ணின் இடம் ஒரு புள்ளியால் குறிக்கப்படுகிறது. 628இல் பிரமகுப்தர் இயற்றிய பிரமஸ்புட சித்தாந்தம், எதிர் எண்களுக்கான விதிகளைச் செல்வம், கடன் என்னும் சொற்களால் வகுத்துரைத்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் தமது பீஜகணிதத்தில் முதல் அறியா எண்ணை 'யாவத்தாவத்' என்றார். 'எவ்வளவோ அவ்வளவு' என்பது அதன் பொருள். ஒன்றுக்கு மேற்பட்ட அறியா எண்கள் வருமிடத்துக் கருமை, நீலம், மஞ்சள், செம்மை என நிறப் பெயர்கள் இடப்பட்டன.

பீஜகணிதத்தில் வரும் குதிரைக் கணக்கு இவ்வளர்ச்சியைத் தெளிவாக்கும். ஒருவனிடம் 300 காசும் 6 குதிரைகளும் உள்ளன. மற்றவனிடம் 10 குதிரைகள் உள்ளன. ஆனால் அவனுக்கு 100 காசு கடன். இருவர் செல்வமும் சமமெனில் ஒரு குதிரையின் விலை என்ன? குதிரையின் விலையை 'அ' என்று கொண்டால் 6அ + 300 = 10அ − 100 ஆகும். ஆரியபட்டரின் விதிப்படி காசுகளின் வேறுபாடு 400, குதிரைகளின் வேறுபாடு 4, விலை 100. காசு வேறுபாடு 200 அன்று, 400 என்று காண்பதற்குக் கடன் என்னும் சொல்லின் கணிதப் பொருள் விளங்கியிருக்க வேண்டும். இங்குச் சொல்லின் பொருளே எண்ணின் குறியைத் தீர்மானிக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.

நடைக் கணக்கு

ஆரியபட்டீயத்தில் இதனை அடுத்து வரும் செய்யுள் இயக்கத்தைப் பற்றியது. எதிரெதிரே வரும் இரு பொருள்களின் இடைத்தொலைவை அவற்றின் வேகங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஒரே திசையில் செல்வனவாயின் வேகங்களின் வேறுபாட்டால் வகுக்க வேண்டும். கோள்கள் சந்திக்கும் காலத்தைக் கணிப்பதே இவ்விதியின் முதற் பயன். இன்றைய பாடநூலில் இரு தொடர்வண்டிகளாக உருமாறியிருப்பது வானியலில் வேர்கொண்ட இவ்விதியேயாகும்.

ஒன்பதாம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், சமண அறிஞர் மகாவீரர் கணித சார சங்கிரகத்தை இயற்றினார். மா. ரங்காசாரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இந்நூல் 1912இல் சென்னையில் அச்சேறியது. ஒரு பாம்பு வளைக்குள் நுழைந்துகொண்டிருக்கையிலேயே அதன் வால் வெளியே வளர்ந்துகொண்டிருப்பதாக அந்நூலில் ஒரு கணக்கு உண்டு. நுழையும் வேகத்திலிருந்து வளரும் வேகத்தைக் கழித்தால் நிகர வேகம் கிட்டும்.

தமிழில் இதற்கு நிகரான கணக்கு, காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரத்தில் உள்ளது. 32 முழ உயரமுள்ள பனைமரத்தில் ஓர் ஓந்தி நாளொன்றுக்கு ஒரு சாண் ஏறி நான்கு விரல் வழுக்குகிறது. அது உச்சியை அடைய எத்தனை நாளாகும்? முழம் இரண்டு சாண். சாண் பன்னிரண்டு விரல். ஆகவே மரத்தின் உயரம் 768 விரல். நாளொன்றுக்கு நிகர ஏற்றம் 8 விரல். விடை 96 நாள்.

இவ்விடையை மாணவர் ஒருமுறை ஐயுற்றுப் பார்ப்பது நன்று. உச்சியை அடைந்தபின் வழுக்குதல் இல்லையன்றோ? 95 நாளின் முடிவில் ஓந்தி 760 விரல் உயரத்தில் இருக்கும். எஞ்சிய 8 விரலை 96ஆம் நாள் ஏற்றத்திலேயே கடந்துவிடும். எனவே இங்கு விடை மாறவில்லை. ஆனால் 10 அடிச் சுவரில் நாள்தோறும் 3 அடி ஏறி 2 அடி வழுக்கும் பூச்சி, நிகர வேகம் சுட்டும் பத்தாம் நாளில் அன்றி எட்டாம் நாளிலேயே உச்சியைத் தொட்டுவிடும். 'ஏறி வழுக்கும்' என்ற தொடரில் எச்சம் உணர்த்தும் முன்பின் வரிசையைக் கவனித்து வாசித்தவரே இவ்வேறுபாட்டைக் காண்பர். வகுத்தல் அறிந்திருப்பது மட்டும் இங்குப் போதாது.

வேலைக் கணக்கு

வேலைக் கணக்கின் பழைய வடிவங்களுள் நீர்நிலையை நிரப்பும் கணக்குச் சிறப்பிடம் பெறுகிறது. சீனரின் 'ஒன்பது அத்தியாயங்கள்' எனும் பண்டைய கணித நூலில், ஒரு குளத்துக்கு ஐந்து வாய்க்கால்கள். முதலாவது தனித்து ஒரு நாளின் மூன்றிலொரு பங்கில் குளத்தை நிரப்பும். ஏனையவை முறையே 1, 2½, 3, 5 நாள்களில் நிரப்பும். ஐந்தையும் ஒருங்கே திறந்தால் 15/74 நாளில் குளம் நிரம்பும். 1150இல் பாஸ்கரர் இயற்றிய லீலாவதியில் நான்கு ஊற்றுகள் தனித்தனியே 1, ½, ⅓, ⅙ நாளில் ஒரு தொட்டியை நிரப்புகின்றன. அவை ஒரு நாளில் முறையே 1, 2, 3, 6 தொட்டிகளை நிரப்பவல்லன; கூட்டினால் 12. ஆகவே நான்கும் சேர்ந்தால் ஒரு நாளின் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும்.

நாள்களைக் கூட்டலாகாது, ஒரு நாளில் முடியும் பங்கையே கூட்ட வேண்டும் என்பதே இவ்வகையின் உயிர்நிலை. இதனைக் கற்பிக்கத் தமிழில் வலுவான அடித்தளம் உண்டு. கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி எனப் பின்னங்களுக்குத் தனிப்பெயர் வைத்த மொழி நம்முடையது. மா என்பது 1/20, காணி 1/80, முந்திரி 1/320. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனனம் செய்த மாணவர், இப்பின்னங்களைப் பெயர்களாகவே வாயால் கூட்டியும் பெருக்கியும் பழகினர். நிலம், பொன், நெல், அரிசி எனப் பொருள்வகையால் பகுக்கப்பட்ட கணக்கதிகாரம் அப்பழக்கத்தின் மேல் எழுந்த நூலாகும். அக்கணக்குகள் ஊர்க்கணக்கரின் அன்றாடத் தொழிலோடு இணைந்திருந்தன.

ஊற்றின் இடத்தில் கூலியாளை நிறுத்தும்போது கணக்கு ஒரு மறைமுக உடன்பாட்டைக் கோருகிறது. ஊற்று ஒரே சீராகப் பாயலாம். மனிதன் அவ்வாறு உழைப்பதில்லை. கனடிய எழுத்தாளர் ஸ்டீபன் லீகாக், 1910இல் வெளியான நகைச்சுவைத் தொகுப்பொன்றில், கணக்குப் புத்தகத்தில் ஓயாமல் குழி தோண்டும் மூவரை உயிருள்ள மாந்தராக்கி எள்ளியது இதனையே. ஒருவர் பத்து நாளில் செய்வதைப் பதின்மர் ஒரு நாளில் செய்வர் என்பது ஓர் எடுகோள். அதனை எடுகோள் என்று மாணவருக்கு வெளிப்படையாகக் கூறுவதே நேர்மையான கற்பித்தலாகும்.

வயதுக் கணக்கு

இந்திய நூல்களில் செல்வமும் வட்டியும் பெற்ற முதன்மையை வயது பெறவில்லை. வயதுக் கணக்கின் புகழ்பெற்ற பழஞ்சான்று கிரேக்க மொழியில் உள்ளது. அலெக்சாந்திரியாவின் கணித அறிஞர் டயோபாண்டசின் வாழ்நாளைப் பற்றிய அப்பாடல், கிரேக்கப் பாடல் தொகைநூலில் இடம்பெற்றுள்ளது. வாழ்நாளில் ஆறிலொரு பங்கு பிள்ளைப்பருவம். பன்னிரண்டிலொரு பங்கு கழிந்தபின் தாடி அரும்பியது. மேலும் ஏழிலொரு பங்குக்குப் பின் திருமணம். ஐந்தாண்டில் மகன் பிறப்பு. மகன் தந்தையின் வாழ்நாளில் பாதியே வாழ்ந்து இறந்தான். அதன்பின் தந்தை நான்காண்டு வாழ்ந்தார். 14, 7, 12, 5, 42, 4 ஆகியவற்றைக் கூட்டினால் 84 ஆண்டுகள்.

இன்றைய வகுப்பறை வடிவம் இதனினும் வேறானது. தந்தைக்கு 36, மகனுக்கு 12. எத்தனை ஆண்டுகளில் தந்தையின் வயது மகனின் வயதைப்போல் இருமடங்காகும்? 36 + அ = 2(12 + அ) என எழுதினால் அ = 12. சமன்பாடின்றியும் இதனைக் காணலாம். வயது வேறுபாடு என்றும் 24. இருமடங்காகும் நாளில் வேறுபாடும் மகனின் வயதும் சமம். எனவே மகனுக்கு அப்போது 24. மடங்கு மாறும், வேறுபாடு மாறாது என்னும் உண்மையைக் காலங்காட்டும் சொற்களே சுமந்து நிற்கின்றன. 'முன்பு', 'இப்போது', 'பின்னர்' ஆகியவை இருவருக்கும் ஒருசேரப் பொருந்தும் என்பதை உணராத மாணவர், மகனுக்கு மட்டும் ஆண்டுகளைக் கூட்டிவிடுகின்றனர்.

மொழியும் வகுப்பறையும்

'பேராசிரியர்களைப்போல் ஆறு மடங்கு மாணவர்கள் உள்ளனர்' என்பதைச் சமன்பாடாக்குமாறு 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வாளர் கேட்டபோது, பொறியியல் மாணவருள்ளும் கணிசமானோர் தலைகீழாக எழுதினர். மாணவர் எண்ணிக்கை 'மா', பேராசிரியர் எண்ணிக்கை 'பே' எனில், மா = 6பே என்பதே சரி; அவர்கள் 6மா = பே என்ற வடிவில் எழுதினர். சொற்கள் வந்த வரிசையிலேயே குறியீட்டை அடுக்கியமை இப்பிழைக்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. தமிழில் உறவுகளை வரிசையைவிட உருபுகளே உணர்த்துகின்றன. 'ஐந்து அதிகம்', 'ஐந்து மடங்கு', 'ஐந்தில் ஒரு பங்கு' ஆகிய மூன்றும் மூன்று வேறு செயல்கள். 'ஒரு பேராசிரியருக்கு ஆறு மாணவர்' என்பதில் நிற்கும் நான்காம் வேற்றுமை, ஒப்பீட்டு அலகு எதுவெனக் காட்டுகிறது. இலக்கண வகுப்பில் வேற்றுமையைக் கற்பிக்கும் ஆசிரியர், அறிந்தோ அறியாமலோ கணித ஆசிரியரின் பணியிலும் பங்கேற்கிறார்.

லீலாவதியின் மற்றொரு கணக்கு இங்கு நினைக்கத்தக்கது. தாமரைக் குவியலில் ⅓, ⅕, ⅙ பங்குகள் முறையே சிவன், திருமால், கதிரவன் ஆகியோருக்கும் ¼ பங்கு தேவிக்கும் படைக்கப்பட்டன. எஞ்சிய 6 பூக்கள் குருவுக்கு. பாஸ்கரர் ஓர் எண்ணை விரும்பியவாறு கொள்ளச் சொல்கிறார். 60 எனக் கொண்டால் எஞ்சுவது 3. எஞ்ச வேண்டியது 6. ஆகவே விடை 120. சிங்கப்பூரில் 1980களில் உருவாக்கப்பட்ட பட்டைப்பட முறையும், குறியீட்டுக்கு முன் பங்குகளைக் கண்முன் நிறுத்துவதால் இவ்வழிக்கு நெருங்கியது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததாகக் கொள்ள வேண்டுவதில்லை. சொல்லுக்கும் சமன்பாட்டுக்கும் இடையில் ஒரு படி தேவை என்பதை இரண்டும் உணர்ந்திருந்தன.

மலேசியாவில் தமிழ்க்கல்வியின் தொடக்கம் 1816இல் பினாங்கில் நடந்த தமிழ் வகுப்பிலிருந்து கணிக்கப்படுகிறது. 2003இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை தமிழ்ப்பள்ளிகளுக்கும் வந்தது. அதனைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டு, பின்னர் படிப்படியாகத் தமிழ் மீண்டது. 2016இல் தொடங்கிய இருமொழித் திட்டம் அவ்விவாதத்தை மீண்டும் எழுப்பியது. எண்களுக்கு மொழியில்லை என்னும் வாதம் இவ்விவாதங்களில் அடிக்கடி கேட்டதுதான். வாய்பாட்டைப் பொறுத்தவரை அவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. பிரச்சினைக் கணக்கைப் பொறுத்தவரை அது நிற்காது. அங்கு மாணவர் முதலில் செய்வது வாசிப்பு. காரணகாரியம் காண்பதும் அவ்வாசிப்பின் வழியே நிகழ்கிறது. ஆங்கிலத்தில் உயர்கல்வி கற்கவேண்டிய மாணவருக்கு அம்மொழிக் கணிதச் சொற்கள் தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் சிந்திக்கும் பயிற்சி முதலில் அவர் நன்கறிந்த மொழியில் அமைவதே இவ்வரலாற்றோடு ஒத்துச் செல்லும்.

முடிவுரை

நடைக் கணக்கு வானியலோடும், வேலைக் கணக்கு நீர்ப்பாசனத்தோடும், வயதுக் கணக்கு கவிதைப் புதிரோடும் நெருங்கிய தொடர்புடையனவாய் இருந்ததைக் கண்டோம். மூன்றிலும் அறியாத எண்ணுக்கு முதலில் ஒரு பெயரை அல்லது அடையாளத்தை இட்டு, அதன் உறவுகளைச் சொல்லால் கூறி, பின்னரே கணித்தனர்.

கணக்கதிகாரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் பதிப்பித்துள்ளது. அதனைப் பழம்பெருமைக்குச் சான்றாக மேடையில் எடுத்துக்காட்டுவதோடு நாம் நின்றுவிடுகிறோம். அதிலுள்ள ஓந்திக் கணக்கைத் தமிழாசிரியர் ஒருவர் எச்சங்களை விளக்கும் பாடத்துக்கும், கணித ஆசிரியர் நிகர வேகத்தை விளக்கும் பாடத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம். இருவரும் ஒரே வாரத்தில் அதனைக் கற்பிக்க முடிந்தால், மாணவர் பிரச்சினைக் கணக்கை அணுகும் முறையில் மாற்றம் நிகழ வாய்ப்புண்டு. தமிழ்ப்பள்ளிகளில் மேற்கொள்ளத்தக்க எளிய ஆய்வாகவும் அம்முயற்சி அமையும்.