கச்சேரியும் கடைசி ரயிலும்

டிசம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை விழுப்புரம் ஜங்ஷனில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். தாம்பரம் பாசஞ்சருக்காக வாலிபர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து நிற்பார்கள். ஒவ்வொருவர் முதுகிலும், விக்கிரமாதித்தன் தோளில் வேதாளம் தொங்கியதைப்போல, ஒரு பை தொங்கும். எங்கே பிரயாணம் என்று கேட்டால், "கச்சேரிங்க. அப்படியே ரெண்டு நாள் சுத்திப் பார்த்துட்டு வருவோம்" என்பார்கள். சிலருக்குக் கச்சேரி என்றால் சபா. பலருக்குச் சினிமாப் பாட்டு மேடை. திண்டிவனத்தில் இன்னும் கொஞ்சம் பேர் ஏறிக்கொள்வார்கள்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஊர் சுற்றுவதே உத்தியோகம்" என்று சொல்லும் பெரியவர்களை நான் அறிவேன். அவர்களுடைய தகப்பனாரும் பாட்டனாரும் இதே பிளாட்பாரத்தில், இதே மாதத்தில், இதே காரியத்துக்காக நின்றவர்கள்தாம். பைதான் வேறு. அந்தக் காலத்தில் ஜமக்காளத்தில் சுருட்டிய படுக்கை, ஒரு கூஜா, வாழையிலையில் கட்டிய புளிச்சோறு. பட்டணத்தில் ஹோட்டல் சாப்பாடு கிடைக்காது என்பதில்லை. முதல் வேளைச் செலவாவது மிச்சமாகட்டுமே என்ற கணக்கு.

ஆனால் அதற்கும் முந்திய காலம் ஒன்று உண்டு. அப்போது எங்கள் பக்கத்து ஜனங்கள் சங்கீதத்தைத் தேடிப் போகவில்லை. சங்கீதம் அவர்களைத் தேடிக் காலால் நடந்து வந்தது. விழுப்புரத்துக்குப் பக்கத்திலுள்ள திருவாமாத்தூருக்குத் தேவாரம் பாடிய மூவரின் பதிகங்களும் இருக்கின்றன. சுந்தரரைக் கல்யாணப் பந்தலிலிருந்து இழுத்து வந்து, வழக்குப் பேசி ஆட்கொண்டு, முதல் பாட்டைப் பாட வைத்த இடம் திருவெண்ணெய்நல்லூர் என்பார்கள். திருக்கோவலூர்க் கதையோ எனக்கு மிகவும் பிடித்தது. மழை இரவில் ஒரு சின்ன இடைகழியில் பொய்கையாழ்வார் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்ததும் இருவரும் உட்கார்ந்தார்கள். பேயாழ்வாரும் வந்து சேர, மூவரும் நின்றார்கள். நான்காவதாக ஒருவர் வந்து நெருக்கினார். அது யார் என்று தெரிந்துகொள்ளத்தான் பாட்டிலே விளக்கேற்றினார்களாம். தமிழ் நாட்டின் முதல் 'ஹவுஸ்புல்' கச்சேரி அதுதான் என்று நான் சொல்வதுண்டு. டிக்கெட் கிடையாது. நாலாவது ஆளை யாரும் வெளியே தள்ளவும் இல்லை.

பிற்காலத்திலும் கோவில் உற்சவத்தில் நாகஸ்வரக்காரர் விடிய விடிய வாசித்தார்; தேர் நிலைக்கு வரும்வரை கேட்பது ஊராரின் பாத்தியதை. மிராசுதார் வீட்டுக் கல்யாணத்தில் நாலு நாள் கச்சேரி என்றால் திண்ணையிலும் தெருவிலும் நின்று கேட்கலாம். எல்லோருக்கும் எல்லா இடத்திலும் நிற்க அனுமதி இருந்தது என்று சொன்னால் அது பொய். எந்தத் தெருவில் யார் நிற்கலாம் என்பதற்குக் கடுமையான சட்டம் இருந்தது. இருந்தாலும் நாகஸ்வரத்தின் நாதத்துக்கு அந்தச் சட்டம் தெரியாது. ஊர் எல்லையைத் தாண்டியும் அது கேட்டது.

இந்த ஏற்பாட்டைத் தலைகீழாகப் புரட்டியதில் ரயிலுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் கட்சி.

தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதை 1870-களின் இறுதிக்குள் சென்னையிலிருந்து செங்கற்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தெற்கே இறங்கிவிட்டது. 1879-ல் புதுச்சேரிக் கிளையும் வந்தது. 1920-களின் இறுதியில் விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குக் குறுக்குப் பாதை போட்டார்கள். இதன் பலனைக் கவனியுங்கள். மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் வித்வான்கள் மெயின் லைனில் வந்தாலும், திருச்சி, மதுரை வித்வான்கள் குறுக்குப் பாதையில் வந்தாலும், விழுப்புரத்தைத் தொடாமல் பட்டணம் போக முடியாது. கர்நாடக சங்கீதம் முழுவதும் நள்ளிரவில் எங்கள் ஸ்டேஷனைக் கடந்து போயிற்று என்று சொன்னால் மிகையாகாது. தம்புரா உறையோடு வித்வான்கள் இறங்குவார்கள், காபி சாப்பிடுவார்கள், மணி அடித்ததும் ஏறிக்கொள்வார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் கண்ணால் பார்த்தார்கள், காதால் கேட்கவில்லை. கேட்கவேண்டுமானால் அதே வண்டியில் தாமும் ஏறவேண்டும்.

ஏறினார்கள். 1908-ல் கட்டி முடித்த எழும்பூர் ஸ்டேஷனின் செங்கல் கோபுரங்களைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு இறங்கினார்கள்.

ஏன் டிசம்பர்? சங்கீத விழா மார்கழியின் புண்ணியத்தால் உண்டானது என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிடக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத்தான் அது அதிகம் கடன்பட்டிருக்கிறது. கோர்ட்டும் கச்சேரியும் (உத்தியோகக் கச்சேரியைச் சொல்கிறேன்!) மூடியிருக்கும் அந்த வாரத்தில்தான் காங்கிரஸ் மகாசபை கூடுவது வழக்கம். 1927-ல் டாக்டர் அன்சாரி தலைமையில் சென்னையில் கூடிய காங்கிரஸ், பூரண சுதந்திரமே லட்சியம் என்று தீர்மானம் செய்தது. அதே பந்தலை ஒட்டி அகில இந்திய சங்கீத மகாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928 ஆகஸ்டு 18-ஆம் தேதி மியூசிக் அகாடமி பிறந்தது. சில ஆண்டுகளுக்குள் டிசம்பர் இறுதியே சங்கீதத்துக்கு உரிய காலம் என்று நிலைத்துவிட்டது. 1932-ல் இந்தியன் பைன் ஆர்ட்ஸ் சொஸைட்டி வந்தது. பிறகு சபாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. (அகாடமி பிறந்த அதே 1928-ல் விழுப்புரத்தில், ஒரு ரயில்வே ஊழியர் வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. வி.சி.கணேசன் என்று பெயர். பட்டணத்துக்குப் போன எங்கள் ஊர்க்காரர்களில் அவரைப்போல் பட்டணத்தைப் பிடித்துக்கொண்டவர் வேறு இல்லை. சிவாஜி கணேசன் என்றால் உங்களுக்குத் தெரியும்.)

கச்சேரி மாலையில்தான். பகலில் என்ன செய்வது? பட்டணம் பார்ப்பது. இதற்கு ஒரு கிரமம் இருந்தது. எழும்பூரில் இறங்கியதும் பக்கத்திலேயே மியூசியம். மியூசியம் என்று யார் சொன்னார்கள்? 'செத்த காலேஜ்' என்பார்கள். திமிங்கில எலும்புக்கூடு முதல் பஞ்சலோக நடராஜர் வரையில் அங்கே இருப்பதெல்லாம் உயிரில்லாதவை அல்லவா? அதற்கு எதிர்ப்பதம் 'உயிர்க் காலேஜ்'. ஜெனரல் ஆஸ்பத்திரிக்கும் சென்ட்ரலுக்கும் அருகே பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக்காட்சிசாலை. பக்கத்தில் மூர் மார்க்கெட். பழைய புத்தகத்திலிருந்து கிளிக்குஞ்சு வரையில் எதையும் வாங்கலாம். பிறகு டிராமில் ஏறிக் கடற்கரை. 1953-ல் டிராம் நின்றது. 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்தது; அதே வருஷம் மிருகங்கள் வண்டலூருக்குக் குடிபோயின. செத்த காலேஜ் மட்டும் சாகாமல் இருக்கிறது.

திண்டிவனத்து அரிசி மண்டிக்காரர் ஒருவர் தம் மருமானை அழைத்துக்கொண்டு விக்கிரக மண்டபத்துக்குள் நுழைகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"மாமா, இது நம்ம ஊர்ப் பக்கத்துச் சாமி மாதிரி இருக்குதே?"

"இருக்கும்டா மாப்ளே. ஊர்ல இருந்தா சூடம் காட்டிக் கும்பிடலாம். இங்க தொடாம பார்த்துட்டு நடையைக் கட்டணும்."

மண்டிக்காரர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து சிறிது தூரத்தில் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோவில் எடுப்பித்தேன் என்று மகேந்திரவர்மன் கல்லில் பெருமைப்பட்டுக்கொண்ட இடம். ஆயிரத்து நானூறு ஆண்டுப் பழைமை. அதைப் பார்க்காமல் நூற்று அறுபது கிலோமீட்டர் ரயிலில் போய், பழைமையைக் கண்ணாடிக்குள் பார்த்துவிட்டு வந்தோம்!

நாட்டியத்தின் கதையும் இப்படித்தான். சதிர் ஆடிய குடும்பங்கள் கோவில்களோடு ஒட்டிப் பிழைத்துவந்த காலத்தில் அந்தக் கலையைக் கேவலமாகப் பேசினார்கள். 1930-களின் தொடக்கத்தில் இ.கிருஷ்ணய்யரின் முயற்சியால் அகாடமி மேடையில் அது ஏறியது. பெயரும் பரதநாட்டியம் என்று மாறியது. 1947-ல் தேவதாசி முறைக்குச் சட்டம் தடை போட்டது. முறை போக வேண்டியதுதான். அதில் இரண்டாவது பேச்சில்லை. ஆனால் எந்தக் குடும்பங்கள் அந்தக் கலையைக் காப்பாற்றினவோ, அவற்றில் பெரும்பாலானவை பட்டணத்து மேடையில் காணப்படவில்லை. உள்ளூரில் இலவசமாகப் பார்க்கக் கூசிய கனவான் டிக்கெட் வாங்கி முன்வரிசையில் உட்கார்ந்தார்.

கச்சேரிக்கு வருவோம். என் சிறு வயதில் எங்கள் தெருவில் இருந்த ஒரு கிழவர் சொல்வார்: "பட்டணத்துக் கச்சேரியிலே நான் முழுசா மங்களம் கேட்டதே இல்லை." காரணம், ரயில். உறவினர் வீடு இருந்தவர்கள் தங்கினார்கள். சத்திரத்தில் இடம் கிடைத்தவர்கள் தங்கினார்கள். மற்றவர்கள் கைக்கடியாரத்தை வைத்துக்கொண்டு கேட்டார்கள். பல்லவியோ பெரிய கிருதியோ முடிந்து, மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனத்தை ஆரம்பித்ததும் எழுந்திருப்பார்கள். சபாக்காரர்கள் அவர்களை ரசனை கெட்டவர்கள் என்று முறைத்திருப்பார்கள். தாளம் தெரியாமல் எழுந்திருக்கவில்லை, ஐயா, எழும்பூருக்கு நடக்கவேண்டும்!

இதில் அவர்களுக்கு நேர்ந்த நஷ்டம் என்ன தெரியுமா? அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக்கொடுத்த முறைப்படி, கனமான உருப்படிகள் முன்னால்; துக்கடாக்கள் கடைசியில். முன்னால் வந்தவற்றில் பெரும்பாலானவை தெலுங்கும் சம்ஸ்கிருதமும். தமிழ்ப் பாட்டுக்குக் கிடைத்த இடம் துக்கடா. திண்டிவனத்து மண்டிக்காரர் ரயில் சத்தமும் டிக்கெட் பணமும் கொடுத்து, இரண்டரை மணி நேரம் அர்த்தம் தெரியாத சாகித்தியத்தை ராகத்துக்காகக் கேட்டுத் தலையாட்டினார். அர்த்தம் தெரிந்த பாட்டு தொடங்கும்போது அவர் எழும்பூர்ப் பிளாட்பாரத்தில் இருந்தார்!

தமிழிசைச் சண்டையை மயிலாப்பூருக்கும் செட்டிநாட்டுக்கும் நடந்த சண்டையாக எழுதுகிறார்கள். எனக்கு அது கடைசி ரயிலைப் பிடிக்கவேண்டியவனின் கட்சியாகவும் தோன்றுகிறது. 1941-ல் ராஜா அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று நடத்திய மகாநாடு எங்கே நடந்தது? அண்ணாமலை நகரில், அன்றைய எங்கள் தென்னாற்காடு ஜில்லாவிலே. தமிழ்ப் பாட்டு கச்சேரியின் வாலாக இருக்கக்கூடாது, தலையாக வேண்டும் என்று கேட்டார்கள். மொழியை முன்னிட்டுச் சங்கீதத்தின் தரத்தைத் தாழ்த்தக்கூடாது என்று அகாடமிப் பக்கத்தார் பதில் சொன்னார்கள். கல்கி பேனாவை வாளாகச் சுழற்றினார். அவர் முன்பே 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் விகடனில் எழுதிய விமரிசனங்களால்தான், பட்டணம் போகாத வாசகர்களும் வித்வான்களைக் குறித்து வாதாடக் கற்றுக்கொண்டார்கள். 1943-ல் தமிழ் இசைச் சங்கம் ஏற்பட்டது. 1952-ல் அதற்கு ராஜா அண்ணாமலை மன்றம் எழுந்தது. அகாடமிக்குச் சொந்த அரங்கம் 1962-ல்தான். தரத்தைப் பற்றி அகாடமிப் பக்கத்தார் கொண்ட கவலை போலியல்ல. தியாகையரை யாரால் ஒதுக்க முடியும்? ஆனால் காசு கொடுத்து வந்தவன் தனக்கு விளங்கும் பாட்டு ஒன்றை நடு மேடையில் கேட்டதைத் தரக்குறைவு என்று சொன்னது சரியல்ல.

இதற்கிடையே 1938-ல் சென்னை வானொலி வந்தது. முனிசிபல் பூங்காவில் ஒலிபெருக்கி வைத்த ஊர்களில் மங்களம்வரை கேட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தே போகலாம். இருந்தும் பட்டணப் பிரயாணம் நிற்கவில்லை. 1960-களில் விழுப்புரம்வரை மின்சார ரயில் பாதை வந்தது. தெற்கே போகும் வண்டிகள் அங்கே எஞ்சின் மாற்றிக்கொண்டன.

கூட்டம் என்றால் ஆபத்தும் உண்டு. 1886 டிசம்பர் 31-ஆம் தேதி, பீப்பிள்ஸ் பார்க்கில் வருஷக் கடைசி வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தபோது தீப்பிடித்து நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். 2023 செப்டம்பர் 10-ஆம் தேதி பனையூரில் ஏ.ஆர்.ரகுமான் கச்சேரி. தெய்வாதீனமாக அப்படி உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் நெரிசலில், டிக்கெட் வாங்கியவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். பணத்தைத் திருப்பித் தருவதாகப் பிறகு அறிவித்தார்கள். உள்ளூர்க்காரருக்கு டிக்கெட் பணம்தான் நஷ்டம். வெளியூரிலிருந்து வந்தவருக்கு வண்டிச் சத்தம், ஒரு நாள் கூலி, இரவுத் தங்கல் எல்லாம் நஷ்டம். அவற்றுக்கு ரசீதா இருக்கிறது?

2017-ல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரமாகச் சேர்த்துக்கொண்டது. சந்தோஷம். அந்த நகரத்திலிருந்து எங்கள் பக்கம் போகும் வெளியூர்ப் பஸ்கள் 2023 டிசம்பர் 30-ஆம் தேதி திறந்த கிளாம்பாக்கம் நிலையத்துக்கு மாறிவிட்டன. அது வண்டலூருக்கு அருகே, ஊருக்கு வெளியே இருக்கிறது. மயிலாப்பூரில் மாலைக் கச்சேரி கேட்கும் விழுப்புரத்துப் பையன் இப்போதும் கணக்குப் போடுகிறான்: திருமயிலையிலிருந்து பறக்கும் ரயிலில் கோட்டை அல்லது பூங்கா, அங்கிருந்து தாம்பரம் வண்டி, பிறகு வண்டலூரில் இறங்கி டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ. மிருதங்கத்தில் தனி ஆரம்பமாகிறது. அவன் காலடியிலிருந்த பையை எடுத்து முதுகில் மாட்டிக்கொள்கிறான்.