கடவுச்சொல்லும் ஒரு மாணவரும்



ஆறாம் வகுப்பு படிக்கும் என் பேரனுக்குக் கணினியில் தனிக் கணக்கு, தினம் ஒரு மணி நேரம் என்று வைத்திருந்தேன். போன வாரம், நான் தட்டும்போது விரல்களைப் பார்த்தே என் கடவுச்சொல்லைப் பிடித்துவிட்டான். மகள் கொதித்துப்போனாள். எனக்கோ பழைய கதை ஒன்று நினைவுக்கு வந்தது.

1961-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர், ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் சி.டி.எஸ்.எஸ். முறையை இயக்கிக் காட்டினர். ஆளுக்கொரு கணக்கு, கடவுச்சொல், அளந்து கொடுத்த நேரம். இன்று பிள்ளைகளுக்கு நாம் போடும் பூட்டின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1962-இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரம் நான்கு மணி நேரம் போதவில்லை. துளை அட்டையில் கோரிக்கை போட்டு, எல்லாருடைய கடவுச்சொற்களையும் அச்செடுத்துக்கொண்டார். பல ஆண்டுகள் கழித்து அவரே ஒப்புக்கொண்டார்.

2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டாவில் பெற்றோர் கட்டுப்பாடு உள்ளேயே இருந்தது. பிள்ளைக்குத் தனிக் கணக்கு கொடுத்தால், எந்த நேரம், எந்த விளையாட்டு, எந்தத் தளம் என்று நாம் வரையறுக்கலாம். பூட்டுகள் பெருகின, நேரம் போதாத பிள்ளைகளும் இருந்துகொண்டே இருக்கிறார்கள்.

"எதுக்குடா இவ்வளவு நேரம்?" என்று பேரனைக் கேட்டேன்.

"ஸ்க்ராட்ச்ல ஒரு கேம் செய்றேன் தாத்தா. பாதியிலயே அணைஞ்சு போயிடுது."

கடவுச்சொல்லை மாற்றினேன். சனி, ஞாயிறுக்கு நேரத்தையும் கூட்டினேன்.

பணியில் இருந்தபோது, மதிய இடைவேளையில் கணினி அறைக்குள் புகுந்த ஒரு பையனை வெயிலில் நிறுத்தினேன். எதற்காக வந்தாய் என்று அவனைக் கேட்கவே இல்லை.