கதைக்குள் நுழைந்த பெண்கள்: ரசிகர் புனைவும் புனைந்த உருவப்படமும்

1973இல் பாலா ஸ்மித் என்ற அமெரிக்க ரசிகை, ரசிகர் இதழ் ஒன்றில் 'எ ட்ரெக்கீஸ் டேல்' என்ற குறும்பகடியை வெளியிட்டார். அதன் நாயகி லெப்டினன்ட் மேரி சூ, வயது பதினைந்தரை, படையிலேயே மிக இளைய அதிகாரி. 'ஸ்டார் ட்ரெக்' (1966–69) என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடருக்குள் தங்களையே நாயகியாக வைத்து எழுதியவர்களைக் கிண்டல் செய்த அந்தப் பெயர், பின்னர் இளம் எழுத்தாளர்கள் மீது வீசப்படும் வசையாகவே நிலைத்துவிட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து நியூயார்க்கில் கலைஞர் சிண்டி ஷெர்மன், விக்கும் பழைய உடைகளும் அணிந்து, யாரும் எடுத்திராத திரைப்படங்களின் நாயகியாகத் தன்னைத்தானே படம்பிடிக்கத் தொடங்கினார். 'அன்டைட்டில்டு பிலிம் ஸ்டில்ஸ்' என்ற அந்தத் தொகுதி 1980இல் முடிந்தது. 1995இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அதை முழுமையாக வாங்கியது. பிறர் வகுத்த கதையில் பெண்ணுக்கு எந்த இடம் உண்டு என்று தன்னையே வைத்துச் சோதித்துப் பார்ப்பதுதான் இரண்டிலும் நடந்தது. ஒன்று சிறுபிள்ளைத்தனம், மற்றொன்று விமர்சனம் என்ற பாகுபாட்டை, அச்செயல்கள் எங்கே நிகழ்ந்தன என்பதே தீர்மானித்தது என வாதிடுகிறேன்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஷெர்மன் வேடத்தின் வெறுமையைக் காட்டுகிறார். ரசிகையோ அதைத் தன் ஆசையால் நிரப்புகிறாள். ஷெர்மனின் சில படங்களில் ஷட்டரை இயக்கும் கம்பி மறைக்கப்படாமல் தெரிகிறது. பார்க்கப்படுபவளே படமெடுப்பவள் என்பது அங்கே வெளிப்படை. மேரி சூவிடம் அத்தகைய வெளிப்படைத்தன்மை தெரிவதில்லைதான். ஆனால் அந்த ஆசை எதை நாடுகிறது என்று பார்க்க வேண்டும். ஸ்மித்தின் கதையில், தொடரின் நாயகனான கேப்டன் கிர்க் காபி எடுத்துவரப் போகும்போது கப்பலை மேரி சூவிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார். 1969இல் ஒளிபரப்பான தொடரின் கடைசி அத்தியாயத்தில், கேப்டனாக விரும்பும் பெண் கிர்க்கின் உடலைத் திருடித்தான் கேப்டன் நாற்காலியில் அமர முடிகிறது. அவளைப் பித்துப்பிடித்தவளாகவே தொடர் சித்திரிக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்தால், கிண்டலுக்கு உள்ளான அந்த ஆசையே தொடரின் மீதான கறாரான விமர்சனமாகத் தெரியும். கிண்டல் செய்தவரும் ரசிகை என்பதால், தன்னையே எடைபோடும் திறன் ரசிகர் உலகுக்குள்ளேயே இருந்தது என்பதும் உறுதியாகிறது.

நேசமும் விமர்சனமும் ஒன்றாக இயங்க முடியும் என்பதற்குப் பெங்களூரைச் சேர்ந்த கலைஞர் புஷ்பமாலா என். இன்னும் தெளிவான சான்று. 'பேன்டம் லேடி'யில் (1996–98) அவர் முகமூடியும் சாட்டையுமாக, 'ஹண்டர்வாலி' (1935) திரைப்படப் புகழ் நடிகை நாடியாவின் சாயலில் பம்பாயில் திரிகிறார். புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் உருவாக்கிய 'நேட்டிவ் விமன் ஆஃப் சவுத் இந்தியா'விலோ (2000–04) ரவிவர்மாவின் லட்சுமி, ஜெயலலிதாவின் திரைப்படத் தோற்றம், காலனிய இனவரைவியல் புகைப்படத்தின் தோடர் பெண் என எல்லாருமாக அவரே நிற்கிறார். தெய்வத்துக்கும் நட்சத்திரத்துக்கும் 'மாதிரி'யாக நிறுத்தப்பட்ட பழங்குடிப் பெண்ணுக்கும் ஒரே உடல் என்றதும், அந்த வகைப்பாடுகள் எல்லாமே ஜோடிக்கப்பட்டவை என்பது புலனாகிறது.

பிறர் அடையாளத்தை அணிவதில் ஆபத்து இல்லையா? இருக்கிறது. ஷெர்மன் 'பஸ் ரைடர்ஸ்' (1976) தொகுதியில் முகத்தில் கருமை பூசிக் கறுப்பினத்தவராக நின்றது கண்டனத்துக்குரியதே. தோலைக் கருக்கிக்கொள்ளும் ரசிகர் வேடங்களும் அவ்வாறே. அங்கே இழிவின் நீண்ட வரலாறு கொண்ட ஒரு சாயம், எந்தக் கேள்வியும் இன்றி மீண்டும் பூசப்படுகிறது. புஷ்பமாலாவின் தோடர் படம் அளவெடுக்கும் கேமராவின் ஏற்பாட்டையும் சேர்த்தே காட்டுவதால் வேறுபடுகிறது. எனினும் அங்கும் தோடர் பெண் தன் படத்தைத் தானே அமைக்கவில்லை. மேரி சூவை எழுதியவர்களுக்கு அந்த உரிமையாவது கையில் இருந்தது.