கொல்கத்தா பாலத்துக்கு எதற்கு ரிவெட்?

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் கொல்கத்தா போயிருந்தபோது, ஒரு சாயங்காலம் பிரின்செப் காட் படித்துறையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலேயே வித்யாசாகர் சேது. ஹூக்ளி ஆற்றின் மேல் இரண்டு பெரிய கோபுரங்கள், அவற்றிலிருந்து விசிறி விரித்ததுபோல இறங்கும் கேபிள்கள். எல்லாரையும்போல நானும் நாலு படம் எடுத்தேன். ராத்திரி அறைக்கு வந்து ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், பாலத்தின் அடியில் இருக்கும் இரும்பு உத்திரங்களில் வரிசை வரிசையாகப் புள்ளிகள். அத்தனையும் ரிவெட்.

அது எனக்கு இடித்தது. ஹௌரா பாலத்தில் ரிவெட் இருப்பது ஊரறிந்த கதை; அது 1943ல் திறந்த பாலம். இதுவோ 1992. அதற்குள் உலகம் முழுக்கப் பெரிய இரும்புப் பாலங்களை வெல்டிங் செய்துதான் இணைத்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் எதற்கு இந்தப் பழைய வேலை? காசு மிச்சம் பிடிக்கவா? இல்லை, வடிவமைத்தவருக்குப் புதுசு தெரியாதா?

வடிவமைத்தவர் யார் என்று தேடியபோது கிடைத்த பெயர் யோர்க் ஷ்லைஹ். ஜெர்மன்காரர். கட்டமைப்புப் பொறியியலில் இருபதாம் நூற்றாண்டின் முக்கியமான ஆட்களைப் பட்டியல் போட்டால் கட்டாயம் இடம் பிடிப்பவர். புதுசு தெரியாதவர் என்ற சந்தேகம் அங்கேயே அடிபட்டுப் போச்சு.

பிறந்தது 1934ல், ஸ்டுட்கார்ட் நகருக்குப் பக்கத்தில் ஸ்டெட்டன் என்ற ஊரில். பள்ளிப் படிப்போடு சேர்த்துத் தச்சு வேலையும் முறையாகப் பழகினார். அதன்பிறகுதான் ஸ்டுட்கார்ட், பெர்லின், அமெரிக்காவில் கிளீவ்லாந்து என்று பொறியியல் படிப்பு. கணக்குப் போடுவதற்கு முன்னால் மரத்தை இழைத்துப் பார்த்த கை அது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

அவருடைய அப்பா லுட்விக் ஷ்லைஹ் ஒரு பாதிரியார். மனவளர்ச்சி குன்றியவர்களும் வலிப்பு நோயாளிகளும் தங்கியிருந்த ஸ்டெட்டன் இல்லத்தின் பொறுப்பாளர். 1940ல் நாஜி அரசு இப்படிப்பட்டவர்களை 'வாழத் தகுதியற்ற உயிர்கள்' என்று முத்திரை குத்திக் கொல்லத் தொடங்கியது. ஸ்டெட்டனுக்கும் பஸ்கள் வந்தன. முன்னூறுக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு போய் கிராஃபெனெக் என்ற இடத்தில் விஷவாயு வைத்துக் கொன்றார்கள். அந்த ஒரே இடத்தில் அந்த ஒரே வருஷத்தில் செத்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். லுட்விக் ஷ்லைஹ் அமைச்சகங்களுக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதினார். பலிக்கவில்லை. கடைசியில் இல்லத்தையே அரசு பறித்துக்கொண்டது. போர் முடிந்தபின் 1947ல், நடந்ததை எல்லாம் ஒரு புத்தகமாக எழுதி வெளியிட்டார்.

அந்த பஸ்கள் வந்தபோது யோர்க்குக்கு ஆறு வயசுகூட நிறையவில்லை. இதனால்தான் மகன் இப்படி ஆனார் என்று கோடு போட்டுக் காட்ட எனக்கு விருப்பமில்லை. ஆனால் 'யார் உபயோகமானவர், யார் வேண்டாதவர்' என்ற கணக்கு எங்கே போய் முடியும் என்பதை வீட்டு வாசலிலேயே பார்த்த குடும்பம் அது. இதைத் தெரிந்துகொண்டபின் அவருடைய வேலைகளை வேறு மாதிரிதான் பார்க்க முடிந்தது.

1963ல் ஃபிரிட்ஸ் லியோன்ஹார்ட்டின் அலுவலகத்தில் சேர்ந்தார். ஸ்டுட்கார்ட்டின் காங்கிரீட் டிவி கோபுரத்தைக் கட்டிய அதே லியோன்ஹார்ட். அங்கே ஷ்லைஹ் பொறுப்பேற்ற பெரிய வேலை, 1972 ஒலிம்பிக்ஸுக்கான மியூனிக் மைதானக் கூரை. கட்டடக் கலைஞர் குந்தர் பேனிஷ். கூடவே ஃப்ரை ஓட்டோ. சுமார் 75,000 சதுர மீட்டர் பரப்பு. மீன் வலையைக் கம்பங்களில் தூக்கிக் கட்டி இழுத்துவிட்ட மாதிரி ஒரு கேபிள் வலை, அதன் மேல் கண்ணாடிபோன்ற அக்ரிலிக் பலகைகள். அதுவரை அந்த அளவில் யாரும் செய்யாத வேலை. கேபிள்கள் வந்து சேரும் முடிச்சுகளுக்கு, கட்டடத் துறை ஏறக்குறைய கைவிட்டிருந்த வார்ப்பு எஃகை மறுபடி கொண்டுவந்தார்கள். பழைய தொழில்நுட்பம் என்பதற்காக ஒன்றை ஒதுக்குகிற பழக்கம் அவருக்கு அப்போதே இல்லை.

அதே 1972ல்தான் கொல்கத்தாவில் இரண்டாவது ஹூக்ளி பாலத்துக்கு இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். நடு இடைவெளி 457.2 மீட்டர், அதாவது சரியாக 1,500 அடி. (ஹௌரா பாலத்தின் நடு இடைவெளியும் அதே 1,500 அடிதான்.) கேபிள் தாங்கும் பாலங்களில் அன்றைக்கு உலகத்தில் அவ்வளவு நீளம் எங்கேயும் கிடையாது. லியோன்ஹார்ட் அலுவலகத்தில் கைக்கு வந்த இந்த வேலை, 1980ல் ருடால்ஃப் பெர்கர்மானுடன் சேர்ந்து ஷ்லைஹ் தனி அலுவலகம் தொடங்கியபோது அவர் கூடவே போனது.

இப்போது ரிவெட் விஷயத்துக்கு வருவோம். ஐரோப்பாவில் என்றால் இந்த நீளத்துக்கு முழுக்க எஃகுத் தளம் போட்டு, தகடுகளை வெல்டிங் செய்வார்கள். வெல்டிங்குக்கு எஃகின் கலவை சரியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே விரிசல் விடும். அந்த விரிசல் வெளியே தெரியாது, எக்ஸ்ரே மாதிரி சோதனை வைத்துத்தான் பிடிக்கணும். அன்றைக்கு அந்தப் பாலத்துக்கு இந்தியாவில் கிடைத்த எஃகு வெல்டிங்குக்குத் தோதாக இல்லை. ரிவெட்டோ வேறு ரகம். துளை போட்டு, பழுக்கக் காய்ச்சிய ஆணியை நுழைத்து, ஒருபுறம் ஒருத்தர் தாங்கிப் பிடிக்க மறுபுறம் இன்னொருத்தர் தலையை அடித்துப் பரப்புவார். ஆணி ஆறும்போது சுருங்கி, தகடுகளை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். சரியாக உட்காராத ரிவெட்டை ஒரு சுத்தியலால் தட்டிச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். இந்த வேலை தெரிந்த கைகள் கொல்கத்தாவில் இருந்தன. ஹௌரா பாலத்தின் இரும்பு வேலையைச் செய்த பிபிஜே கம்பெனிதான் இந்தப் பாலத்துக்கும் வந்தது.

'கிடைக்கிற எஃகு சரியில்லை, ஜெர்மனியிலிருந்து இறக்குமதி செய்யுங்கள்' என்று சொல்லியிருக்கலாம். ஷ்லைஹ் பாலத்தை மாற்றினார். தளத்தை ரிவெட் அடித்த இரும்பு உத்திரங்களின் கட்டமாக வைத்து, அதன் மேல் காங்கிரீட் பலகை போட்டார். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாய்ந்து இறங்கும் கேபிள் தளத்தைத் தூக்குவதோடு நிற்பதில்லை. கோபுரத்தை நோக்கி அழுத்தவும் செய்கிறது. அழுத்தத்தைத் தாங்குவதில் காங்கிரீட் கெட்டிக்காரன், விலையும் குறைவு. ஆக, உள்ளூரில் கிடைப்பதை வைத்துக் கட்டும் முயற்சியில் எஃகும் காங்கிரீட்டும் தங்களுக்கு வரும் வேலையை மட்டும் செய்கிற ஒரு பாலம் கிடைத்தது. இப்படி இரண்டும் சேர்ந்த தளம் பின்னாளில் பல நாடுகளில் இந்த வகைப் பாலங்களுக்குச் சாதாரணமாகிவிட்டது.

இதையே பிற்பாடு அவர் ஒரு கொள்கையாக எழுதவும் பேசவும் செய்தார். கட்டுமானம் ஏன் இலேசாக இருக்க வேண்டும் என்பதற்கு மூன்று காரணம் சொல்வார்: சூழல், சமூகம், பண்பாடு. முதலாவது சுலபமாகப் புரியும். பொருள் குறைந்தால் பூமிக்குச் சுமை குறையும். மூன்றாவதும் அப்படித்தான், அழகாக இருந்தால் ஊருக்குப் பெருமை. நடுவில் இருப்பதுதான் எனக்குப் புதுசு. கனமான கட்டுமானத்துக்குப் பொருள் அதிகம், யோசனையும் உழைப்பும் குறைவு. இலேசான கட்டுமானத்துக்கு நேர் தலைகீழ். பொருளுக்குப் போகிற பணம் மனிதர்களுக்குப் போகும். 'கூலி ஜாஸ்தி, அதனால் காங்கிரீட்டைக் கொட்டிவிடு' என்பது அவருக்குச் சிக்கனமாகத் தெரியவில்லை.

1974 முதல் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அங்கே ஷேஃபர், யென்னவைன் என்ற இருவரோடு சேர்ந்து 1987ல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். காங்கிரீட்டுக்குள் விசை எந்த வழியாக ஓடுகிறது என்பதை, அழுத்தம் தாங்கும் முட்டுகளாகவும் இழுவிசை தாங்கும் கம்பிகளாகவும் ஒரு சட்டகம்போல வரைந்து பார்க்கும் முறை. அடிப்படை யோசனை ரிட்டர், மோர்ஷ் காலத்திலிருந்தே உண்டு. இவர்கள் செய்தது, மூலை, துளை, உத்திரம் தூணில் உட்காரும் இடம் என்று சாதாரண சூத்திரம் செல்லாத எல்லா இடத்துக்கும் அதை விரித்தது. கையில் ஒரு பென்சில் இருந்தால் போதும்.

பென்சில் எதற்கு, கம்ப்யூட்டர் இருக்கே என்பவர்களுக்கு 1991ல் நார்வேயில் பதில் கிடைத்தது. ஸ்லைப்னர் ஏ என்ற எண்ணெய்க் கிணற்று மேடையின் காங்கிரீட் அடித்தளம், சோதனைக்காகத் தாழ்த்தும்போது சுவர் உடைந்து கடலுக்குள் முழுசாகப் போய்விட்டது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. கம்ப்யூட்டர் கணக்கு அந்தச் சுவரில் வரும் வெட்டுவிசையை 47% குறைத்துக் காட்டியிருந்தது. உள்ளே வைத்த கம்பியும் போதிய நீளம் இல்லை. காரணத்தை அலசி எழுதியவர்களில் ஷ்லைஹும் ஒருவர். விசை போகிற வழியை ஒரு தாளில் வரைந்து பார்த்திருந்தால் அந்தக் கம்பி அங்கே முடியக்கூடாது என்பது தெரிந்திருக்கும்.

எல்லாம் ஜெயித்த கதை இல்லை. அவர் மனசுக்கு நெருக்கமான வேலை ஒன்று கீழே விழுந்தது. 1982ல் ஸ்பெயினில் மன்சனாரெஸ் என்ற ஊரில், ஒரு சூரிய வெப்பக் கோபுரம் கட்டினார். தரையில் 244 மீட்டர் விட்டத்துக்குக் கூரை, நடுவில் 195 மீட்டர் உயரப் புகைபோக்கி. கூரைக்கு அடியில் வெயிலில் சூடான காற்று புகைபோக்கி வழியாக மேலே ஏறும்போது விசிறியைச் சுற்றும். கிடைத்தது அதிகபட்சம் 50 கிலோவாட். அவ்வளவு பெரிய சாமானுக்கு இது ரொம்பக் குறைச்சல். உயரம் கூடக்கூடத்தான் லாபம், ஒரு கிலோமீட்டராவது வேண்டும். ஆனால் அவர் பார்த்தது வேறு. கண்ணாடியும் காங்கிரீட்டும் இரும்பும் போதும். வெயில் மட்டும் நிறைய இருக்கும் ஏழை நாடுகள் அதைத் தாங்களே கட்டிக்கொள்ளலாம். ரிவெட் அடித்த பாலத்தில் இருக்கும் அதே எண்ணம்தான். சோதனைக்காகக் கொஞ்ச காலத்துக்கென்று கட்டியது அது. 1989ல் ஒரு புயலில், துருப்பிடித்த இழுகம்பிகள் அறுந்து கோபுரம் சாய்ந்தது. ஒரு கிலோமீட்டர் கோபுரத்தை இன்றுவரை யாரும் கட்டவில்லை. சூரியப் பலகைகளின் விலை இறங்கிய வேகத்தில் அந்தக் கனவு ஓரமாகிவிட்டது.

கொல்கத்தாவையும் ரொம்பப் புகழ்ந்துவிட முடியாது. 1972ல் அடிக்கல் நாட்டிய பாலத்தின் வேலை தொடங்கவே 1979 ஆனது. திறந்தது 1992 அக்டோபர் 10. இருபது வருஷம். கட்டி முடிப்பதற்குள் உலகில் நீளமான பாலம் என்ற பெருமையை வேறு பாலங்கள் தட்டிக்கொண்டு போய்விட்டன. உயரத்தில் நின்று நெருப்பாணி அடிப்பதும் சொகுசான வேலை இல்லை. உள்ளூர்க் கையை நம்பினால் எல்லாம் நலமாக முடியும் என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் நம்மூரில் ஒரு பெரிய வேலை தொடங்கும்போது முதலில் வரும் பேச்சு என்ன? 'எந்த நாட்டிலிருந்து மெஷின் வருது?' ஷ்லைஹ் தொடங்கிய இடம் வேறு: இங்கே யாருக்கு என்ன செய்யத் தெரியும்? அதற்கு ஏற்றாற்போலத் தன் வரைபடத்தைத் திருத்திக்கொள்ள அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை. உலகத்திலேயே பெரிய கேபிள் கூரையைக் கட்டிய கையோடு வந்தவர், ரிவெட்டைக் கீழ்த்தரமாக நினைக்கவில்லை.

2021 செப்டம்பரில், 86 வயதில் பெர்லினில் காலமானார். கொல்கத்தா போகிறவர்கள் ஒரு சாயங்காலம் பிரின்செப் காட் பக்கம் போய்விட்டு வாருங்கள். எல்லாரும் கேபிளைத்தான் படம் எடுப்பார்கள். நீங்கள் பாலத்தின் அடிப்பக்கத்தை ஜூம் பண்ணிப் பாருங்கள்.