ஒரே காய்ச்சல், இரண்டு சமோவா

1918 நவம்பர் 7 அன்று ஆக்லாந்திலிருந்து வந்த தலூன் என்ற நீராவிக் கப்பல், மேற்குச் சமோவாவின் ஆப்பியா துறைமுகத்தை அடைந்தது. கப்பலில் பலர் காய்ச்சலும் இருமலுமாகப் படுத்திருந்தார்கள். வழியில் பிஜியின் சுவா துறைமுகத்தில் அதே கப்பலைத் தனிமைப்படுத்தி வைத்திருந்தார்கள். அந்தச் செய்தி ஆப்பியாவின் துறைமுக மருத்துவருக்குச் சொல்லப்படவே இல்லை. பயணிகள் இறங்கி அவரவர் ஊருக்குப் போனார்கள். அவர்களோடு பரவிய இன்ஃபுளுயன்சா கொள்ளைநோயில் மேற்குச் சமோவாவில் ஏறத்தாழ 8,500 பேர், அதாவது மக்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல், மாண்டுபோனார்கள். கிழக்கே ஏறத்தாழ 125 கிலோமீட்டர் தொலைவில், அமெரிக்கக் கடற்படை ஆண்ட சமோவாவின் பாகோ பாகோ துறைமுகம். இங்கும் அங்கும் ஒரே மொழி, கடல் தாண்டிய கொண்டான் கொடுத்தான் உறவு. அங்கே இந்தக் காய்ச்சலுக்கு ஒரு உயிர்கூடப் போகவில்லை. மருந்து இருவரிடமும் கிடையாது. காய்ச்சலை யார் எப்போது பொருட்படுத்தினார்கள் என்பதுதான் இரு கரைகளின் கதியையும் பிரித்தது.

கிருமியே தெரியாத காலத்தில் யாரைக் குறை சொல்வது என்று கேட்கலாம். தெரியாதது உண்மைதான். மனிதரைத் தாக்கும் இன்ஃபுளுயன்சா வைரஸைப் பிரித்தெடுத்ததே 1933இல். அதுவரை, 1892இல் ஆய்வாளர் ஃபைஃபர் கண்ட பாக்டீரியாவையே காரணம் என்று பலரும் நம்பியிருந்தார்கள். ஆனால் அமெரிக்கச் சமோவாவின் ஆளுநர் ஜான் போயருக்கும் அதைவிடக் கூடுதலாக எதுவும் தெரியாது. வெளியிலிருந்து வந்த செய்திகளை அவர் நம்பினார், கப்பல்களைத் தடுத்தார். மேற்கிலிருந்து படகு வராதபடி சமோவா மக்களே கரையில் காவல் இருந்தார்கள். மேற்குச் சமோவாவை அப்போது ஆண்ட நியூசிலாந்திலோ இன்ஃபுளுயன்சா அதுவரை கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகக் கருதப்படவில்லை. ஆக்லாந்தில் வீட்டுக்கு வீடு காய்ச்சல் கிடந்தபோதும் தலூனுக்கு நோயற்ற கப்பல் என்ற சான்று கிடைத்தது. வருஷா வருஷம் வந்துபோகும் சளிக்காய்ச்சல்தானே என்ற அந்த அலட்சியத்தை என்னால் அறியாமைக் கணக்கில் சேர்க்க முடியவில்லை.

தீவைப் பூட்டலாம், பெருநகரத்தைப் பூட்ட முடியுமா என்பது இதைவிட வலுவான கேள்வி. முடியாது. ஆனால் மேற்குச் சமோவாவில் நோய் நுழைந்த பிறகும் எல்லாமே கைமீறிப் போய்விடவில்லை. வீட்டோடு எல்லோரும் படுத்துவிட்டதால் கஞ்சி காய்ச்சவும் தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லாமல் போனது. அமெரிக்கச் சமோவா தர முன்வந்த மருத்துவ உதவியை மேற்குச் சமோவாவின் நிர்வாகி ராபர்ட் லோகன் ஏற்கவில்லை. உலகெங்கும் 1918இன் சாவுகளில் பெரும்பாலானவை, வைரஸ் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கிய பின் பாக்டீரியா நுரையீரலில் இறங்கி உண்டாக்கிய நிமோனியாவால் நேர்ந்தவை. காய்ச்சலுக்கும் நிமோனியாவுக்கும் இடையில் பெரும்பாலும் சில நாள் இருக்கிறது. பராமரிப்புக்குப் பலன் இருந்தது அந்த நாட்களில்தான்.

ஆஸ்துமாவோ சிஓபிடி எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோ உள்ளவர்கள் அந்தச் சில நாட்களைத் தவறவிடுவது இன்னும் ஆபத்தானது. அவர்களுக்கு இருமலும் இளைப்பும் பழகிப்போனவை என்பதால், ஆக்லாந்தில் நடந்த அதே அலட்சியம் இன்றும் வீட்டுக்குள் நடக்கிறது. திடீரென்று அடிக்கும் காய்ச்சல், உடம்பெல்லாம் முறித்துப்போடும் வலி, இன்ஹேலருக்கு வழக்கம்போல் அடங்காத மூச்சுத்திணறல் ஆகியவை சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். இன்ஃபுளுயன்சா வைரஸுக்கு எதிரான மருந்தான ஓசல்டாமிவிர் முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் இவர்கள் ஆண்டுதோறும் இன்ஃபுளுயன்சா தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.