மழையை அளக்கும் பிள்ளை: வீட்டில் தொடங்கும் கணிதம்

2014 ஒக்டோபர் 29 காலை, ஹல்துமுல்லை பிரதேச செயலகப் பிரிவிலுள்ள கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. பலர் மண்ணில் புதைந்தனர். இப்படியான மலைச்சரிவில் வாழும் பிள்ளைக்குக் கணிதம் பரீட்சைக்கு மட்டுமான பாடமல்ல.

வீட்டில் விளையாட்டாகவே மழை அளக்கப் பழக்கலாம். பக்கங்கள் நேரான பிளாஸ்டிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டி, புனல்போலக் கவிழ்த்து வையுங்கள். அடியிலுள்ள மேடுபள்ளம் மறையும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். அந்த இடமே பூச்சியம். அதற்கு மேலே மில்லிமீற்றர் கோடுகள் இட்டு, திறந்த வெளியில் வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் அளந்தபின், தண்ணீரைப் பூச்சியத்துக்குக் குறையுங்கள். நாளைய அளவை ஆளுக்கொரு எண்ணாக ஊகிக்கலாம். கிட்ட வந்தவருக்கே புள்ளி.

ஒரு சதுர மீற்றரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லீற்றர் தண்ணீர். 10 சதுர மீற்றர் கூரையில் 75 மி.மீ. பெய்தால் 750 லீற்றர். பெருக்கல் இப்படித்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவீட்டின்படி, 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் விழிப்பு; 100 தாண்டினால் வெளியேற ஆயத்தம்; 150 தாண்டினால் வெளியேற்றம். நிலத்தில் வெடிப்பு தெரிந்தாலோ, ஊற்றுநீர் திடீரெனக் கலங்கினாலோ எண்ணுக்காகக் காத்திருக்கக் கூடாது.

புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியை எட்டாத பிள்ளையைத் தோற்ற பிள்ளை என்கிறோம். அடைமழை நாளில் "அம்மா, நூறு தாண்டிட்டு" என்று சொல்லத் தெரிந்த பிள்ளை எந்தக் கணக்கில் தோற்றது?